ஜெரமி பிரெட்டைப் ‘பைத்தியக்கார மேதை’ ஆக்காதீர்கள்

ஷெர்லக் ஹோம்ஸ் ரசிகர்கள் கூடும் இடத்தில் தொலைக்காட்சியில் ஹோம்ஸாக நடித்த பிரிட்டிஷ் நடிகர் ஜெரமி பிரெட்டின் பேச்சு வந்தால் ஒரு கதையும் கூடவே வந்துவிடும். அவர் ஹோம்ஸாக நடிக்கவில்லை, ஹோம்ஸாகவே மாறிவிட்டார்; அந்தப் பாத்திரம் அவரைப் பிடித்து ஆட்டி, புத்தி பேதலிக்க வைத்து, கடைசியில் ஆளையே கொன்றுவிட்டது என்பார்கள். சொல்கிறவர்கள் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒரு நடிகரின் நாற்பது வருட உழைப்பைத் தூக்கி அவருடைய நோயின் கணக்கில் எழுதிவிடுகிற பேச்சு இது.

1933-இல் இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டில் பிறந்தவர். சொந்தப் பெயர் பீட்டர் ஜெரமி வில்லியம் ஹக்கின்ஸ். மகன் நடிகனாவதில் அப்பாவுக்கு இஷ்டமில்லை. குடும்பப் பெயரை மேடையில் போடக் கூடாது என்றுவிட்டார். அதனால் ஒரு கோட்-சூட்டில் தைத்திருந்த கடைப் பெயரிலிருந்து ‘பிரெட்’டை எடுத்துக்கொண்டார். ஈட்டன் பள்ளியில் சேர்த்தும் எழுத்துகளை வாசிக்கவே சிரமப்படுத்தும் டிஸ்லெக்சியாவால் படிப்பு ஏறவில்லை. போதாததற்கு நாக்கிலும் சிக்கல். ‘ர’ ஒலி சரியாக வராது. பதின்வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பிறகு விடாமல் பேச்சுப் பயிற்சி செய்து சரிப்படுத்திக்கொண்டார். ஹோம்ஸ் தொடரில் ஒவ்வொரு எழுத்தும் கத்தி மாதிரி வந்து விழுகிறதே, அந்த உச்சரிப்பு வந்த வழி இதுதான். ‘பிறவி மேதை’ என்று சொல்லும்போது இதெல்லாம் காணாமல் போய்விடுகிறது.

1954-இல் மான்செஸ்டர் லைப்ரரி தியேட்டரில் மேடையேறினார். 1961-இல் லண்டனில் ஹாம்லெட். அறுபதுகளின் கடைசியில் லாரன்ஸ் ஒலிவியர் நடத்திய நேஷனல் தியேட்டரில் இருந்தார். ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில் ஒலிவியர் ஷைலாக், இவர் பசானியோ. ‘மை ஃபேர் லேடி’ படத்தில் ஆட்ரி ஹெப்பர்னைக் காதலித்து அவர் வீட்டுத் தெருவிலேயே சுற்றும் ஃபிரெடியும் இவர்தான். அதில் பாட்டுக் குரல் மட்டும் வேறொருவருடையது. 1980-இல் லாஸ் ஏஞ்சலஸ் மேடையில் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனாகவும் நடித்திருக்கிறார், சார்ல்டன் ஹெஸ்டன் ஹோம்ஸ்! ஆக, பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி நிறுவனம் இவரை ஹோம்ஸாகப் போட்டபோது வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. முப்பது வருடம் மேடையில் உரமேறிய உடம்பும் குரலும்தான் அந்த வேடத்துக்கு வந்தன.

1984-இலிருந்து 1994 வரை 41 கதைகள். தயாரிப்பாளர் மைக்கேல் காக்ஸ் ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்திருந்தார்: மூலக் கதையை விட்டு விலகக் கூடாது. ஹோம்ஸ் என்ன சாப்பிடுவார், எதைக் குடிப்பார், எப்படி உட்காருவார் என்று கதைகளிலிருந்து பொறுக்கித் தொகுத்த 77 பக்கக் கோப்பு ஒன்று இருந்தது. பிரெட் அதைக் கரைத்துக் குடித்தார். திரைக்கதை மூலத்திலிருந்து விலகினால் புத்தகத்தைக் காட்டி வாதாடினார். ஹோம்ஸ் கதைகளுக்குச் சிட்னி பேஜட் பத்திரிகையில் வரைந்த பழைய படங்களைப் பார்த்து, அதே கோணத்தில் நாற்காலியில் சாய்ந்தார். பேய் பிடித்தவன் செய்கிற வேலையா இது? பாடம் படிக்கிறவன் செய்கிற வேலை.

அந்தச் சிரிப்பைக் கவனித்திருக்கிறீர்களா? உதட்டோரத்தில் அரை விநாடி வரும். கண் அதில் கலந்துகொள்ளாது. அதற்குள் முகம் மூடிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் தன்னைப் பார்த்துத்தான் சிரித்தாரா என்று யோசிப்பதற்குள் முடிந்துவிடும். வசனமே இல்லாமல் ஹோம்ஸின் தனிமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

இன்னொரு இடம், ‘டெவில்ஸ் ஃபுட்’ கதை. கார்ன்வால் கடற்கரை. ஹோம்ஸ் தன் போதை ஊசியை எடுத்து மணலில் புதைக்கிறார். மூலக் கதையில் இது இல்லை. ஒரு வரி மாறினாலே சண்டைக்குப் போகிற பிரெட், தொடரைக் குழந்தைகளும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயிலின் மகளிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு இந்தக் காட்சியைச் சேர்த்தார். தன்னை மறந்து பாத்திரத்தில் மூழ்கிப்போன ஆளுக்கு இந்த நிதானம் எங்கிருந்து வரும்?

நோய் இருந்தது உண்மை. 1985 ஜூலையில் மனைவி ஜோன் வில்சன் புற்றுநோயில் இறந்தார். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் தயாரிப்பாளராக இருந்தவர். அடுத்த வருடம் பிரெட் உடைந்துபோய் மருத்துவமனையில் சேர்ந்தார். பைபோலார் என்றார்கள், மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய். அதற்கு லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். உடம்பில் நீர் கோத்தது, எடை கூடியது, அசைவு மந்தமானது. பதின்வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் இதயம் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தது. இதில் ஹோம்ஸ் செய்த குற்றம் என்ன?

என் நெருங்கிய உறவினர் ஒருவர் பல வருடமாக இதே மாத்திரை சாப்பிடுகிறார். கை நடுக்கம், தீராத தாகம், அடிக்கடி ரத்தப் பரிசோதனை, எல்லாவற்றையும் தாண்டித்தான் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார். அதனால், நோய்தான் திறமையைத் தந்தது என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை. நோய் எதையும் தரவில்லை. இருந்ததைத்தான் பிடுங்கியது. 1994-இன் கடைசி வரிசையைப் பார்த்தாலே தெரியும். உடம்பு முடியாமல் மருத்துவமனையில் படுத்ததால், ‘மஸாரின் ஸ்டோன்’ கதையில் துப்பறியும் வேலையை அண்ணன் மைக்ராஃப்ட் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த வருடத்துப் படங்களைப் போட்டு “எப்படி இருந்த ஆள் இப்படி ஆகிட்டார்” என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முகம் ஊதி, மூச்சு வாங்கி நிற்கும் அந்த மனிதரிடம் குரல் அப்படியே இருக்கிறது. கடைசியாக ஒளிபரப்பான ‘கார்ட்போர்ட் பாக்ஸ்’ கதையின் முடிவில், மனிதர்களுக்கு இத்தனை துன்பம் எதற்கு என்று ஹோம்ஸ் கேட்கும் இடத்தைப் போட்டுக் கேளுங்கள். இளம் வயது பிரெட்டால்கூட அப்படிப் பேசியிருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1995 செப்டம்பர் 12 அன்று லண்டன் கிளாப்பம் வீட்டில் இதயம் நின்று இறந்தார். வயது 61. அதே வருடம்தான் பிபிசி வானொலியில், மனநோயாளிகளுக்காக இயங்கிய ஓர் அமைப்புக்கு நிதி கேட்டுப் பேசினார். தனக்கும் அந்த நோய் இருப்பதை அவர் மறைக்கவில்லை. நடிகர்கள் இதை வெளியே சொன்னால் வாய்ப்பு போய்விடும் என்று பயந்த காலம் அது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் 1984 வரிசையில் ஆரம்பியுங்கள். ஆனால் முதல் சில வருடங்களோடு நிறுத்திவிடாதீர்கள். 1994-ஐயும் பாருங்கள்.