ஊர் திரும்பியவர்களை எந்தக் கணக்கில் எழுதினோம்?

2020 ஏப்ரலில் இந்தியாவின் வேலையின்மை விகிதம் 23 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதாக இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. அடுத்த சில மாதங்களிலேயே அந்த எண் மளமளவென்று இறங்கியது. வேலைச் சந்தை மீண்டுவிட்டதாகத் தொலைக்காட்சி விவாதங்களில் பேசினார்கள். தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்த மீட்சியை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எண் இறங்கியதற்குப் பெரிய காரணம், வேலை இழந்தவர்களைக் கிராமங்கள் உள்வாங்கிக்கொண்டதுதான் என்பது என் கருத்து.

பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகாத தெரு குறைவு. மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியதும் கொத்தனார்களும் சித்தாள்களும் சென்ட்ரிங் வேலைக்காரர்களும் அத்திப்பள்ளியையும் ஓசூரையும் கடந்து, கிடைத்த வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் வந்து சேர்ந்தார்கள். வந்தவர் அண்ணனோடு சேர்ந்து சொந்தக் காட்டில் இறங்கினால், சம்பளம் இல்லாமல் குடும்பத் தொழிலுக்கு உதவுபவர் என்ற வகையில் அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு அவரை வேலையில் இருப்பவராகவே எழுதிக்கொள்ளும். ஆனால் இங்கே பெரும்பாலும் மானாவாரி நிலம். சித்திரை, வைகாசியில் ஓர் உழவு ஓட்டிவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கேழ்வரகும் நிலக்கடலையும் அதற்குப் பிறகுதான். இரண்டு பேர் செய்த வேலையை நான்கு பேர் செய்வதால் ஒரு மூட்டை கடலை கூடுதலாக விளைந்துவிடப் போவதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் பறிப்பும் மாங்கூழ் ஆலைகளும் இருந்தன என்றாலும், அந்தக் கூலிக்கும் அந்த ஆண்டு ஆட்கள் மிகுதி.

இது நம் மாவட்டத்தோடு நின்றுவிடவில்லை. நாட்டின் மொத்தத் தொழிலாளர்களில் வேளாண்மையில் இருப்போரின் பங்கு 2018-19இல் 42.5 விழுக்காடாக இருந்து, 2020-21இல் 46.5 விழுக்காடாக உயர்ந்தது. பல ஆண்டுகளாக நிலத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த உழைப்பு, இரண்டே ஆண்டுகளில் திரும்பி நடந்தது. அரசு தர வேண்டிய வேலையிழப்புக் காப்பீட்டை ஒன்றரை ஏக்கர் நிலமும் உடன்பிறந்தவர்களும் தந்தார்கள். நிலமே இல்லாத குடும்பங்களுக்கு அதுவும் இல்லை.

பெண்களைப் பற்றிய எண்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. அரசின் அந்தத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, அதே இரண்டு ஆண்டுகளில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்பில் பங்கேற்போரின் விகிதம் 24.5இலிருந்து 32.5 விழுக்காடாக ஏறியிருக்கிறது. வேறொரு காலத்தில் இதைக் கொண்டாடலாம். கணக்கெடுக்கும் முறை மேம்பட்டதும் ஓரளவு காரணமாக இருக்கலாம். ஆனால் கணவரின் வாரக் கூலி நின்றுபோன வீட்டில் மனைவி நான்கு ஆடு பிடித்து வளர்ப்பதையும், நூறு நாள் வேலைக்கு அட்டையைத் தேடி எடுப்பதையும் பெண்களின் முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2020-21இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஏறக்குறைய 389 கோடி மனித நாட்கள் பதிவாயின. அதுவரை இல்லாத உச்சம் அது. ஒன்றிய அரசு முதலில் ஒதுக்கிய 61,500 கோடி ரூபாயோடு மேலும் 40,000 கோடி சேர்க்க வேண்டியிருந்தது. தமிழகத்தில் அந்த வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலி 256 ரூபாய். பெங்களூரில் ஒரு கொத்தனார் வாங்கியதோடு அதை ஒப்பிடவே முடியாது.

அன்று சட்டம் இல்லாமல் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்ததாரர் வழியாகப் போனவர்களை மட்டுமே கணக்கில் கொண்டது; மாமன் மகன் சொன்னான் என்று தானாகப் பேருந்து ஏறியவர் அதில் வரவில்லை. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு வரியாக நல நிதிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊரடங்கை ஒட்டி அந்த நிதியிலிருந்து தொழிலாளர்களுக்குப் பணம் கொடுக்குமாறு ஒன்றிய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டதும் சரியான முடிவே. ஆனால் பணம் பதிவு செய்தவர்களுக்குத்தான். பதிவுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 90 நாள் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். மேஸ்திரி அழைக்கும் இடத்துக்கெல்லாம் மாறிக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சான்றை யார் எழுதித் தருவார்? அவர் உழைப்பின் பேரில் வசூலான வரி கர்நாடகத்தில் இருக்கிறது, குடும்ப அட்டை தமிழ்நாட்டில் இருக்கிறது. இங்கே நியாயவிலைக் கடை எல்லோருக்கும் பொதுவானது என்பதால் அரிசியும், அந்த ஏப்ரலில் ஆயிரம் ரூபாயும் கிடைத்தன. பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அத்தகைய தரவு இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. அதற்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2021 ஆகஸ்டில், அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் இ-ஷ்ரம் இணையதளம் வந்தது. நல்லதுதான், ஆனால் அதில் பெயர் ஏறியதாலேயே கர்நாடகக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தின் கதவு நம் ஊர்க் கொத்தனாருக்குத் திறந்துவிடாது.

இரண்டு மாநில அரசுகளும் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. ஓசூர் பேருந்து நிலையத்தில், ஞாயிறு மாலையும் திங்கள் விடியற்காலையும், இரு மாநில நல வாரிய ஊழியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பதிவு செய்யட்டும். 90 நாள் சான்றை மேஸ்திரியிடம் கேட்காமல், வரி கட்டும் கட்டுமான நிறுவனத்திடமே வாங்கட்டும். எங்கே பதிந்தாலும் இரண்டு வாரியங்களிலும் செல்லும் என்று ஓர் அரசாணை வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள்.