சேப்பல் ஹில்லைக் கட்டிய பணம் யாருடையது?

அமெரிக்காவின் முதல் அரசுப் பல்கலைக்கழகம் எது என்பதில் ஜார்ஜியாக்காரர்களுக்கும் வட கரோலினாக்காரர்களுக்கும் இன்னும் தகராறு தீரவில்லை. ஜார்ஜியா 1785-லேயே பல்கலைக்கழகம் தொடங்கச் சட்டமன்றத்தின் சாசனம் வாங்கிவிட்டது, ஆனால் வகுப்பு தொடங்க 1801 ஆனது. வட கரோலினா 1789-ல் சாசனம் வாங்கி 1795 ஜனவரியில் சேப்பல் ஹில் என்ற ஊரில் கதவைத் திறந்துவிட்டது. பாடம் நடத்தியவர்கள்தான் முதல் என்பது என் கட்சி. சரி, அது போகட்டும்.

சேப்பல் ஹில் பற்றிப் பேச்செடுத்தாலே ஹின்டன் ஜேம்ஸ் கதை வந்துவிடும். வில்மிங்டன் பக்கத்திலிருந்து நடந்தே வந்து பிப்ரவரியில் சேர்ந்த முதல் மாணவர், இரண்டு வாரம் அவர் ஒருவர்தான் அங்கே மாணவரே. அருமையான கதைதான். ஆனால் அவர் வந்து சேர்ந்த இடத்தைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பேச்சு சட்டென்று குறைந்துவிடுகிறது, எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சட்டமன்றம் சாசனம் கொடுத்ததே தவிர ஆண்டுதோறும் நிதி ஒதுக்கவில்லை. அதற்குப் பதிலாக, வாரிசு இல்லாமல் இறப்பவர்களின் சொத்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் என்று சட்டம் போட்டது. கேட்க நல்ல ஏற்பாடு போலத்தான் இருக்கும். அந்தச் சொத்துக் கணக்கில் நிலத்தோடு மனிதர்களும் இருந்தார்கள். எசமான் வாரிசில்லாமல் செத்தால் அவருடைய அடிமைகள் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு வந்து, விலைபேசி விற்கப்பட்டு, அந்தக் காசு கல்லூரிக் கணக்கில் சேர்ந்தது. 1793 அக்டோபர் 12 அன்று, பல்கலைக்கழகத்தின் நிறுவனர் என்று போற்றப்படும் வில்லியம் டேவி அடிக்கல் நாட்டிய முதல் கட்டடமான ஓல்ட் ஈஸ்ட் எழுந்ததிலும் அடிமைகளின் உழைப்பு இருக்கிறது.

அப்புறம் ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டன். பக்கத்து சாத்தம் கவுண்டிப் பண்ணையில் அடிமை. வாசிக்கத் தானாகவே கற்றுக்கொண்டவர். பழம் விற்க வளாகத்துக்கு வருவார், மாணவர்கள் கேட்டால் அவர்களுடைய காதலிகளுக்குக் கவிதை கட்டிக் கொடுப்பார், வரிகளின் முதலெழுத்தைச் சேர்த்தால் அந்தப் பெண்ணின் பெயர் வரும். ஆரம்பத்தில் அவருக்கு எழுதத் தெரியாது, அவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஒரு கவிதைக்கு 25 சென்டிலிருந்து 75 சென்ட் வரை. 1829-ல் ராலே நகரில் அவருடைய தொகுப்பே அச்சாகி வந்தது. அந்தப் பணத்தில் தன் விடுதலையை விலைகொடுத்து வாங்கிவிட நினைத்தார், நடக்கவில்லை. உள்நாட்டுப் போர் முடியும்வரை அடிமையாகவே இருந்தார். அந்த வளாகத்திலேயே பெரிய கவிஞராக நடமாடியவருக்கு அங்கே உட்கார்ந்து படிக்க ஓர் இருக்கை கிடையாது என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இளநிலைப் படிப்பில் கறுப்பின மாணவர்கள் நுழைந்தது 1955-ல், அதுவும் நீதிமன்றம் போய். 2005-ல் பல்கலைக்கழகத்தைக் கட்ட உழைத்த கறுப்பினத்தவருக்காக ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள், சின்னச் சின்ன வெண்கல மனிதர்கள் ஒரு வட்டக் கல் மேசையைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். அது மட்டும் எனக்குப் போதவில்லை. அக்டோபர் 12-ஐ இன்றும் பல்கலைக்கழக நாளாகக் கொண்டாடுகிறார்கள் அல்லவா, டேவி பெயரைச் சொல்லும் அதே மேடையில், வாரிசற்ற சொத்து என்று விற்கப்பட்டவர்களில் யார் யாருடைய பெயர் ஆவணத்தில் கிடைக்கிறதோ அத்தனையையும் ஒவ்வோர் ஆண்டும் வாசிக்க வேண்டும்.