கைத்தடியோடு கரையிறங்கிய வாரிசு

‘அப்பன் பேரைச் சொல்லி மேலே வந்தவன்.’ அமெரிக்க அதிபராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட்டின் மூத்த மகன் டெட் விஷயத்தில் இந்தப் பேச்சு பாதி உண்மை. அரசியலில் அப்பா உட்கார்ந்த நாற்காலிகளையே தேடிப் போனவர் அவர். கடற்படை உதவிச் செயலாளர் பதவி கிடைத்தது. நியூயார்க் ஆளுநர் பதவிக்கு 1924இல் நின்று ஆல் ஸ்மித்திடம் தோற்றார். பெயர் ஓட்டாக மாறவில்லை.

ராணுவக் கணக்கு வேறு. முதல் உலகப்போரில் 26ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டில் பட்டாலியன் தளபதி. விஷவாயு பட்டது, 1918இல் பிரான்சின் சுவாசோன் அருகே காயமும் பட்டது. 1941இல் அதே ரெஜிமென்ட்டுக்குக் கர்னலாகத் திரும்பினார். 1943இல் சிசிலிச் சண்டையின்போது, முதலாவது டிவிஷன் தளபதி டெர்ரி ஆலனையும் துணைத் தளபதியான இவரையும் மேலதிகாரி ஜெனரல் பிராட்லி ஒன்றாக நீக்கினார். டிவிஷன் மீது இருவருக்கும் பாசம் அதிகம், கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது என்பது புகார். அது முழுக்க அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்து 4ஆவது டிவிஷன். ஜெர்மனி பிடித்திருந்த பிரான்சின் நார்மண்டி கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கப்போகும் நேரம். முதல் அலையோடு இறங்க அனுமதி கேட்டார். தளபதி பார்ட்டன் மறுத்தார். கடைசியில் எழுத்திலேயே மனு கொடுத்தார்: முன்னணி வீரர்களை எனக்கு நேரில் தெரியும், நான் கூட இருந்தால் அவர்களுக்குத் தெம்பு. ஆள் திரும்பி வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் பார்ட்டன் சம்மதித்தார். வயது 56. மூட்டுவாதம், கையில் தடி. இதயக் கோளாறை மட்டும் டாக்டர்களிடம் மூடி மறைத்துவிட்டார்.

1944 ஜூன் 6, காலை 6:30, நார்மண்டியில் ‘யூட்டா’ என்று பெயரிட்ட கடற்கரை. நீரோட்டம் படகுகளைத் தெற்கே தள்ளியது. குண்டுவீச்சுப் புகையில் கரையின் அடையாளங்கள் தெரியவில்லை. வழிகாட்ட வேண்டிய கப்பல் ஒன்று மூழ்கியிருந்தது. விளைவு, சுமார் 2,000 கஜம் தள்ளி இறங்கினார்கள். கரைக்குப் பின்னால் ஜெர்மானியர்கள் தண்ணீர் தேக்கி வைத்த வயல்வெளி. அதைக் கடக்க ஒருசில மண்மேட்டுச் சாலைகள்தான். இறங்கவேண்டிய இடத்துக்கு நகர்ந்தால், பின்னால் வரும் அலைகளும் தளவாடங்களும் குழம்பிப் போகும்.

டெட் முதலில் செய்தது வீர வசனம் பேசியதல்ல. தடியை ஊன்றி மணல்மேட்டுக்குப் பின்னால் நடந்துபோய், உள்ளே போகும் சாலை எது என்று பார்த்துவிட்டு வந்தார். பிறகுதான் பட்டாலியன் தளபதிகளிடம் பேசி, இங்கிருந்தே சண்டையைத் தொடங்கலாம் என்று முடிவானது. அந்த முடிவு தன்னுடையது என்று 8ஆவது ரெஜிமென்ட் தளபதி வான் ஃப்ளீட் பின்னாளில் உரிமை கோரினார். இருக்கட்டும். குண்டுகள் விழும் மணலில் நின்று, அடுத்தடுத்து வந்த அலைகளைச் சரியான சாலைக்குத் திருப்பிவிட்டது டெட்தான். தவறி இறங்கிய இடத்தில் எதிரியின் காவலும் குறைவு; அது அதிர்ஷ்டம், அவர் சாமர்த்தியமல்ல.

அதே காலையில் அவர் மகன் க்வென்டின் நார்மண்டியின் இன்னொரு கரையான ஒமாஹாவில் இறங்கிக்கொண்டிருந்தான்.

ஜூலை 12 அன்று நார்மண்டியில் மாரடைப்பில் போய்விட்டார். 90ஆவது டிவிஷனை அவரிடம் கொடுப்பதாக இருந்தது. அந்தச் செய்தி அவரை எட்டவே இல்லை. முதல் போரில் விமானியாக இறந்த தம்பி க்வென்டினின் உடல் 1955இல் பக்கத்துக் குழிக்கு மாற்றப்பட்டது.

அமெரிக்காவின் உச்ச ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர், 1898 சான் ஹுவான் சண்டைக்காகத் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். உயிரோடு இருந்தவரை வரவில்லை. மகனுக்கு அது 1944 செப்டம்பரில் வந்தது. அப்பாவுக்கு 2001இல்.