பெர்சிவலுக்கு வக்காலத்து வாங்கினேனாம்

சனிக்கிழமை என்ன நடந்தது என்று உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். மீதிப்பேருக்கு இந்நேரம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், கொஞ்சம் மசாலா சேர்த்தே. அதனால் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரே வரி: 1942இல் சிங்கப்பூரை ஜப்பானியரிடம் ஒப்படைத்த பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் அன்று சரணடையாமல் இருந்திருந்தால் என்று நான் எழுதிய கதையை நம் சங்கக் கூட்டத்தில் போட்டுத் தாக்கினார்கள், அவருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று. கோபம் தணியட்டும் என்று மூன்று நாள் சும்மா இருந்து பார்த்தேன். தணியவில்லை. எழுதிவிடுகிறேன்.

"வரலாற்றுப் பிழை" என்றார் பெரியவர். என் கதையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மேசையில் தட்டித் தட்டிச் சொன்னார். "பெர்சிவல் அன்றைக்குச் சரணடைந்தார். தம்பி, சரணடையவில்லை என்று எழுதியிருக்கிறார். அடிப்படையே தப்பு." அறை சிரித்தது.

ஐயா, அவர் சரணடைந்தார் என்பது எனக்கும் தெரியும். இந்த ஊரில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். 1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, சீனப் புத்தாண்டின் முதல் நாள், புக்கிட் தீமா ஃபோர்டு கார் தொழிற்சாலை. அந்தத் தேதி வந்தால் மாலை 6.20க்குத் தீவு முழுக்கச் சங்கு ஊதி ஞாபகப்படுத்துகிறார்கள். நான் மட்டும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டா இருந்தேன்? சரணடைந்தார் என்று தெரிந்ததால்தான் சரணடையாத கதையை எழுதவே முடிந்தது.

மாற்று வரலாறு பொய் வரலாறு இல்லை. பொய் சொல்பவன் நடந்ததை மறைப்பான். மாற்று வரலாறு எழுதுகிறவன், நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று நம்பித்தான் பேனாவையே எடுக்கிறான். ஒரு தளபதி ஒரு முடிவை எடுத்தார் என்றால், இன்னொரு முடிவையும் எடுத்திருக்கலாம் என்று அர்த்தம். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. இதைச் சனிக்கிழமையே சொல்ல வாயைத் திறந்தேன். "நேரமாகிவிட்டது, அடுத்த கதை" என்றார்கள்.

அந்தப் பிப்ரவரி 15 காலை ஃபோர்ட் கேனிங் சுரங்க அறையில் பிரிட்டிஷ் தரப்புத் தளபதிகள் கூட்டம் போட்டார்கள். அந்த அறையை இன்றும் உள்ளே போய்ப் பார்க்கலாம். இரண்டே வழிதான் பேசப்பட்டது. ஒன்று, எதிர்த்தாக்குதல் நடத்தி நீர்த்தேக்கங்களையும் புக்கிட் தீமாவின் உணவுக் கிடங்குகளையும் மீட்பது. இன்னொன்று சரண். முதல் வழியை முன்வைத்ததே பெர்சிவல்தான்! மற்ற தளபதிகள் முடியாது என்றார்கள். குழாய்கள் உடைந்து தண்ணீர் தெருவில் ஓடுகிறது, நகரத்துக்குள் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் அடைந்து கிடக்கிறார்கள், வானத்தில் தங்கள் விமானம் ஒன்றுகூட இல்லை. ஒத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவின் நிலைமை என்ன? தன் சிங்கப்பூர்த் தாக்குதல் வெறும் பாவ்லா என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். கையில் 30,000 பேர், எதிரில் மூன்று மடங்குக்கும் மேல். குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன. தெருத் தெருவாகச் சண்டை போட வேண்டி வந்தால் தோற்றுவிடுவோம் என்ற பயத்தில்தான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சம்மதமா இல்லையா என்று அதட்டினார். ஒருவருக்குத் தண்ணீர் இல்லை, இன்னொருவருக்குக் குண்டு இல்லை, இருவரும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. இதைப் பார்த்துவிட்டு "அப்படி இல்லாமல் இப்படி ஆகியிருந்தால்?" என்று ஒருவனுக்குத் தோன்றவில்லை என்றால் எனக்கு அவனைப் பார்த்துத்தான் கவலை.

இந்த வகைக் கதைக்கு ஒரு ஒழுக்கம் உண்டு. ஒரே ஒரு முடிவைத்தான் மாற்றலாம். மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். இல்லாத பீரங்கியைக் கொண்டுவரக் கூடாது, மூழ்கிய கப்பலை மிதக்க விடக் கூடாது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும் 1941 டிசம்பர் 10 அன்று மூழ்கின. என் கதையிலும் அவை கடலடியில்தான் கிடக்கின்றன. இந்தப் பதினொரு பக்கத்துக்காக ஃபோர்டு தொழிற்சாலைக் காட்சிக்கூடத்துக்கு நான்கு முறை போனேன். பெரியவர் எத்தனை பக்கம் படித்தார் தெரியுமா? மூன்று. அவரே சொன்னார், பெருமையாக.

தேசிய சேவையில் இருந்தபோது லிம் சூ காங் பக்கம் ஒரு பயிற்சி. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, காலுறைக்குள் சேறு. எங்கள் சார்ஜண்ட் மண்ணில் குச்சியால் கோடு போட்டார். இது கரை, இது நாம். எதிரி இங்கே வந்தால் என்ன செய்வாய்? இங்கே வராமல் அங்கே வந்தால்? இரண்டு இடத்திலும் வந்தால்? மணிக்கணக்கில் இதே கேள்வி. அப்போது எரிச்சலாக இருந்தது. பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சரிம்பூன் கரை அதிக தூரமில்லை. பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் கரையேறிய இடம். ஆஸ்திரேலியர்களின் 22வது பிரிகேட் அங்கே 16 கிலோமீட்டர் கரையைக் காத்து நின்றது. ஆள் அங்கொருவர் இங்கொருவர். எதிரி வடகிழக்கில் வருவான் என்று கணித்த பெர்சிவல் பெரும்பகுதிப் படையை அங்கே நிறுத்தியிருந்தார். யமாஷிதாவும் முதல்நாள் உபின் தீவில் ஆட்களை இறக்கி அந்த நம்பிக்கைக்கு நெய் ஊற்றினார். ராணுவத்தில் இந்தக் கேள்விக்குப் பெயர் பயிற்சி. கதையில் கேட்டால் பிழையா?

நான் சொல்லப்போவது இன்னும் வேடிக்கை. 1937இல் மலாயாவில் தலைமைப் பணி அதிகாரியாக இருந்த ஒருவர், தன் தளபதி டாபியோடு சேர்ந்து, ஜப்பானியர் தெற்குத் தாய்லாந்திலும் கோத்தா பாருவிலும் இறங்கி வடக்கிலிருந்து வரலாம் என்று கணித்தார். நான்கு வருடம் கழித்து அப்படியேதான் வந்தார்கள். அந்த அதிகாரியின் பெயர் ஆர்தர் பெர்சிவல். அவரேதான்! கடைசி நேரத்தில் தலைமைப் பொறியாளர் சிம்சன் வந்து வடகரையில் அரண் கட்டலாம் என்று கெஞ்சியபோது, அதெல்லாம் படையின் மனஉறுதியைக் குலைக்கும் என்று மறுத்தவரும் அவரே என்று சிம்சன் எழுதி வைத்திருக்கிறார். 1937 பெர்சிவலின் பேச்சை 1942 பெர்சிவல் கேட்டிருந்தால்? என் கதையின் விதை இதுதான். இதில் வக்காலத்து எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டுங்கள்.

நடந்த வரலாறே கதையைவிட நம்ப முடியாதது. 1945 செப்டம்பர் 3, பிலிப்பீன்ஸில் பாகியோ. யமாஷிதா சரணடைந்து கையெழுத்துப் போடுகிறார். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவர், மூன்றரை வருடச் சிறைவாசத்தில் எலும்பும் தோலுமாகிப்போன பெர்சிவல். இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் "சினிமாத்தனம்" என்று சொல்லியிருப்பீர்கள்.

"பிள்ளைகள் படித்துவிட்டுத் தேர்வில் தப்பாக எழுதிவிட்டால்?" என்று ஓர் அம்மையார் கேட்டார். என் மகள் உயர்நிலை இரண்டு. நான் எழுதுவதை அவளைப் படிக்க வைக்க மூன்று வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன். அந்த ஆபத்து இப்போதைக்கு இல்லை.

இன்னொருவர் கேட்டதைத் தள்ள முடியவில்லை. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதை வைத்து "இப்படி ஆகியிருந்தால்" என்று விளையாடலாமா என்றார். சரியான கேள்வி. 2017இல் அந்தத் தொழிற்சாலைக் காட்சிக்கூடத்துக்கு ஜப்பானியர் இந்த ஊருக்கு வைத்த சியோனான் என்ற பெயரைச் சூட்டப்போய் எவ்வளவு பேருக்கு வலித்தது, சில நாளிலேயே எப்படி மாற்றினார்கள் என்று நினைவிருக்கும். ஜப்பானியர் சீனர்களைக் கொன்று குவித்த சூக் சிங்கில் அப்பனைப் பறிகொடுத்த ஒருவர் என் கதையைப் படித்தால் என்ன நினைப்பார் என்று நானும் யோசித்தேன். அதனால்தான் அந்த நாட்களில் வெற்றி வாத்தியம் எதுவும் வாசிக்கவில்லை. அவரிடம் என் பதில் முழுமையாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் மெதுவாகக் கேட்டார். மேசையைத் தட்டவில்லை.

சரி, இப்போது உண்மையாகவே எரியும் இடத்துக்கு வருகிறேன்.

போன வருடம் இதே கூட்டத்தில் ஒரு கதை. ராஜேந்திர சோழன் கடாரத்தை வென்றபின் திரும்பாமல் இங்கேயே தங்கிவிடுகிறான், மலாக்கா நீரிணை முழுக்கப் புலிக்கொடி. கைதட்டல் இரண்டு நிமிடம். இதே பெரியவர் எழுந்து நின்று தட்டினார். 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பில் சோழர் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் அடித்தார்கள், மெய்க்கீர்த்தியில் ஊர் ஊராகப் பட்டியல் போட்டுக்கொண்டார்கள், ஆனால் தங்கி ஆளவில்லை. அப்போது ஏன் யாரும் "வரலாற்றுப் பிழை" என்று சொல்லவில்லை? ஜெயிக்கிற தளபதி நம்மவர் என்றால் கற்பனை, தோற்கிறவர் வெள்ளைக்காரர் என்றால் பிழை. இம்பாலை நேதாஜி பிடித்திருந்தால் என்று தேக்கா கோப்பிக்கடையில் வாரா வாரம் ஒரு மேசையில் படை நடத்துகிறார்களே, அவர்களிடம் போய்ச் சொல்லுங்களேன், 1944 ஜூலையிலேயே அது தோற்றுப்போனது என்று. தே தாரேக்கை மூஞ்சியில் ஊற்றுவார்கள்.

இது இன்று நேற்றுத் தொடங்கிய பழக்கமும் இல்லை. அலெக்சாந்தர் மேற்கே திரும்பி ரோம் மீது பாய்ந்திருந்தால் என்று லிவி என்ற ரோம வரலாற்றாசிரியர் 2,000 வருடத்துக்கு முன்பே எழுதிப் பார்த்தார். யார் ஜெயித்தார்கள்? ரோமர்தான், வேறு யார். அவரும் நம் சங்கத்தில் சேர்ந்திருக்கலாம்.

"தளபதிகளை விடுங்கள், சாதாரண மக்கள் எங்கே?" என்று ஒரு தம்பி கேட்டார். இதற்கு நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்தது தப்பாகப் பேசப்படுகிறது. திமிர் என்கிறார்கள். திமிர் இல்லை. பேசினால் குரல் உடைந்துவிடும் போலிருந்தது.

என் அப்பாயிக்கு ஓர் அண்ணன். செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி வேலை. தளம் காலியானதும் சிராங்கூன் சாலைப் பக்கம் வந்து தங்கினார். ஊர் விழுந்தபின் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. பாலம் தாண்டி ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மரவள்ளியாவது கிடைக்கும் என்று யாரோ சொல்லப் போனார். 1943இல் அங்கிருந்து, ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்டுக்கொண்டிருந்த சயாம் ரயில் பாதைக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. அதில் எந்த இடத்தில் விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. படம்கூட இல்லை.

வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டே அப்பாயி சொல்லும்: "அந்தத் தொர இன்னும் நாலு நாளு பொறுத்திருந்தா என்னவாம்? எங்கண்ணன் ஜொகூருக்குப் போயிருக்காது." நான்கு நாள் எப்படி 1943ஐ மாற்றும் என்று சின்ன வயதில் கணக்குப் போட்டுக் கேட்டிருக்கிறேன். "ஒனக்கென்ன தெரியும், போய்ப் படி" என்று நெத்திலியை என் பக்கம் தள்ளிவிடும். அதற்குப் பெர்சிவல் என்ற பெயர்கூடத் தெரியாது. தொர, அவ்வளவுதான்.

என் கதையில் பெர்சிவல் சரணடைவது 19ஆம் தேதி. நான்காவது பக்கத்திலிருந்து பத்தாவது பக்கம் வரை அந்த நான்கு நாட்கள்தான். புக்கிட் தீமா குன்று கைமாறுகிறது, திரும்பக் கைமாறுகிறது. யமாஷிதாவுக்குக் குண்டு தீர்கிறது, விமானம் தீரவில்லை. சிராங்கூன் சாலை எரிகிறது. தண்ணீர் இல்லாத நகரத்தில் பிணங்களைப் புதைக்க ஆள் இல்லை. கடைசியில் அதே அரைக்கால் சட்டை, அதே வெள்ளைக்கொடி, அதே தொழிற்சாலை. பதினொன்றாவது பக்கத்தில் ஓர் இளைஞன் மரவள்ளிக்கிழங்கு தேடி ஜொகூர்ப் பாலத்தைக் கடக்கிறான்.

ஏன் நான்கு நாள், ஏன் ஐந்து இல்லை என்று ஒருவராவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அப்பாயி கேட்ட நாட்களை எண்ணித்தான் கொடுத்தேன். எவ்வளவு முயன்றும் அந்த அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வர முடியவில்லை. நான்கு முறை திருத்தி எழுதினேன். நான்கு முறையும் அவர் பாலத்தைக் கடந்துவிட்டார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறேனா என்று உள்பெட்டியில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அன்று மகளுக்கு நீச்சல் வகுப்பு. வகுப்பு ரத்தானாலும் வரமாட்டேன். கதையின் முழு வடிவம் வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். பெரியவருக்கும் அனுப்பிவிட்டேன், நான்காவது பக்கத்திலிருந்து.