லிவியுஸ் அந்திரோனிகுஸை விட்டுவிட்டீர்களே
நல்ல கட்டுரை. ஆனால் ரோமானிய இலக்கியத்தை நேரே பேச்சாளர் சிசரோ, கவிஞர் விர்ஜில் ஆகியோரிடமிருந்து தொடங்கியதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை. சிசரோ பிறப்பதற்கு நூறாண்டுக்கும் முன்பே, கி.மு. 240இல், லிவியுஸ் அந்திரோனிகுஸ் ரோமில் லத்தீன் நாடகத்தை மேடையேற்றிவிட்டார். கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். இத்தனைக்கும் அவர் கிரேக்கர்!

அந்த மொழிபெயர்ப்பின் முதல் வரியே அழகு. ஹோமர் கவிதைக்கு அருள்தரும் மியூஸ் தேவியை அழைத்துத் தொடங்குகிறார். இவரோ அந்த இடத்தில் ரோமானியர் வணங்கிய ஊற்றுத் தெய்வமான கமேனாவைக் கூப்பிடுகிறார். யாப்பும் ஹோமர் பாடிய கிரேக்கத்து அறுசீர் (ஹெக்சாமீட்டர்) இல்லை, சாட்டர்னியன் என்ற உள்ளூர் யாப்புதான். அறுசீரை அப்புறம் வந்த கவிஞர் என்னியுஸ்தான் லத்தீனில் பழக்கினார். வேற்றுமொழிக் காவியத்தை ரோமானியரின் காதுக்குப் பழகிய ஓசையில் தந்த மனிதர் அந்திரோனிகுஸ். அந்த நூலில் இன்று மிஞ்சியிருப்பது உதிரி வரிகள் மட்டுமே. அதை நினைத்தால் மனசு கனக்கிறது. அடுத்த பகுதியிலாவது அவரைப் பற்றி எழுதுங்கள்.