தையல் இயந்திரம் போதும், சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம்

தையல் இயந்திரம் வழங்கும் விழாப் படங்களை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மார்ச் மாதம் பிறந்தால் போதும், நிதியாண்டு முடிவதற்குள் சமூகப் பொறுப்பு நிதியைக் கரைத்தாக வேண்டிய நிறுவனங்கள் மதுரையில் ஏதாவதொரு மண்டபத்தைப் பிடித்துவிடுகின்றன. மேடையில் பொன்னாடைகள், கீழே வரிசையாகப் பொட்டு வைத்த இயந்திரங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் சிரிக்கச் சொன்னதால் சிரிக்கும் ஒரு பெண். படம் நன்றாகத்தான் வருகிறது. வில்லாபுரத்தில் ஒரே தெருவுக்கு இப்படி வந்து சேர்ந்த ஆறு இயந்திரங்களை எனக்குத் தெரியும். ஆறு வீட்டுக்கும் வாடிக்கையாளர்கள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொஞ்சம் ஜாக்கெட் வரும். மற்ற மாதங்களில் இயந்திரத்தின் மேல் பழைய சேலையைப் போர்த்தி, அதன் மேல் பிள்ளைகளின் புத்தகப் பையை வைத்திருப்பார்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிளைகளில் சுய உதவிக் குழுக்களுக்குக் கடன் கொடுத்தே பாதி வேலைக்காலம் போனது. 1992-இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 500 குழுக்களை வைத்துச் சோதனையாகத் தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டம் அது. பின்னால் மாநில அரசின் மகளிர் திட்டமும் வந்து சேர்ந்தது. அந்தக் குழுக்களைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். கந்துவட்டிக்காரர் வாசலிலிருந்து எத்தனையோ குடும்பங்களை அவை மீட்டிருக்கின்றன. என் வருத்தம் வேறு. கடன் விண்ணப்பத்தில் நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கும்: கறவை மாடு, ஆடு, பெட்டிக்கடை, தையல். ‘மாதச் சம்பளத்துக்கு ஒரு வேலை வேண்டும்’ என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. நாளடைவில் ஏழைப் பெண் என்றாலே அவள் தொழில்முனைவோராக வேண்டியவள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். முதலும் இல்லாமல், நட்டம் வந்தால் தாங்க ஆளும் இல்லாமல் இருப்பவளைப் பார்த்து ‘துணிந்து இறங்கு’ என்று உபதேசம் செய்கிறவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாம் தேதி சம்பளத்தில் வாழ்கிறவர்கள்.

அந்தத் துணிவின் பலனையும் பார்த்துவிட்டோம். மாடு செத்தால் மாட்டுக் கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க வாரத் தவணை நிறுவனம் ஒன்று. வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு வசூலிக்கும் அடாவடி எல்லை மீறித்தான் 2025-இல் தமிழக அரசு அதைத் தடுக்க ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

இரண்டாவது கோபம், ‘தன்னம்பிக்கைப் பயிற்சி’ மேல். விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகைக்கு விலை பேசும் பெண்ணிடம் போய், உங்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட வந்திருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். என்ன பதில் கிடைத்தது என்று இங்கே எழுத முடியாது. புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவை எல்லோருக்கும் தெரியும். 2001 ஜனவரியில் டெல்லி விழாவில் பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். களஞ்சியம் என்ற சுய உதவிக் குழு இயக்கத்தின் தலைவி என்றுதான் செய்தி வந்தது. அதற்கு முன்பே அவர் நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய், நிலக்காரர்களிடம் நேருக்கு நேர் கூலி பேசிய கொத்துத் தலைவி. துணிவை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அது செல்லுபடியாகும் இன்னும் பெரிய இடத்தை இயக்கம் திறந்துவிட்டது. (2019-இல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். வீடு கிடைக்க மட்டும் அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. 2024-இல்தான் மாநில அரசு முன்வந்தது. இதையும் மறக்க வேண்டாம்.)

பூ மார்க்கெட்டில் கணீரென்று பேசும் அதே பெண், வேலை கேட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் மேலாளரின் மேசைக்கு முன்னால் உட்காரும்போது குரல் கம்மிப் போகிறாள் என்பதும் உண்மை. அங்கே தேவைப்படுவது அந்த மேசையைப் பழக்கிவிடும் ஆள். ‘உன்னால் முடியும்’ என்று கை தட்ட வைக்கும் பேச்சாளர் அங்கே எதற்கு?

அப்படிப் பழக்கிவிடும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்துக்கு வாரக் கடைசியில் நான் போய் வருகிறேன். நகரின் தெற்குப் பக்கம் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே வருகிறவர்களில் சிலர் அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்தவர்கள். முகவரி பரவக் கூடாது. விதவைகள், கைவிடப்பட்டவர்கள், கணவன் இருந்தும் குடியால் இல்லாததுபோல் ஆனவர்கள், பிள்ளை வளர்ப்பில் பத்து வருடம் போய் நாற்பதில் முதல் வேலை தேடுகிறவர்கள். கிராமப்புற இளைஞர்களுக்கான மத்திய அரசுத் திறன் திட்டத்தில் பெண்களுக்கு 45 வயது வரை சலுகை உண்டு. ஆனால் முப்பத்தைந்தைத் தாண்டியவரின் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்க்கும் முதலாளியைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

நேர்காணல் ஒத்திகையில் எனக்கு எப்போதும் மேலாளர் வேடம். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வது எனக்கு இயல்பாக வரும் என்பதால் இருக்கலாம். “எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?” என்று கேட்பேன். “நீங்கள் பார்த்துக் கொடுங்கள் மேடம்” என்பார்கள். ஏறக்குறைய எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம். பெண் காசு பேசுவது மரியாதை இல்லை என்ற வளர்ப்பு. பார்த்துக் கொடுங்கள் என்று சொன்னால் யாரும் பார்த்துக் கொடுப்பதில்லை, பார்த்துக் குறைப்பார்கள். அதனால் அதே வேலைக்கு வேறு கடைகளில் என்ன தருகிறார்கள் என்று விசாரித்து, ஒரு தொகையை வாய்விட்டுச் சொல்லப் பழக்குகிறோம். சொல்வதுகூட வந்துவிடும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கடினம். எதிரில் இருப்பவர் இரண்டு விநாடி பேசாமல் இருந்தால், “குறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை மேடம்” என்று தாங்களே இறங்கிவிடுவார்கள். அந்த இரண்டு விநாடியைத் தாங்குவதற்குத்தான் அங்கே பயிற்சி நடக்கிறது. இ.எஸ்.ஐ. உண்டா, பி.எஃப். பிடிப்பீர்களா என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டால் நான் எழுந்து நின்று கை கொடுப்பேன்.

அடுத்த முட்டுக்கட்டை காகிதம். ஆதாரில் கணவர் பெயர், பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல். வங்கிக் கணக்கு இருக்கும், அதோடு இணைந்த கைப்பேசி எண் கணவருடையதாக இருக்கும். ஓ.டி.பி. அவருக்குப் போகும், ஏ.டி.எம். அட்டை அவர் சட்டைப் பையில் இருக்கும், சம்பளம் மட்டும் இவள் பெயரில் ஏறும். அந்த எண்ணை மாற்றுவதற்கு மனைவி பட வேண்டிய பாட்டை, வங்கியின் மேசைக்கு இந்தப் பக்கம் வந்த பிறகு கூடுதலாகவே பார்க்கிறேன்.

நேர்காணலுக்குப் போகும் ஏழைப் பெண்களுக்கு நல்ல உடை கொடுப்பதற்கென்றே 1997-இல் நியூயார்க்கில் ‘டிரஸ் ஃபார் சக்சஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார் நான்சி லப்ளின். கொள்ளுத்தாத்தா விட்டுச்சென்ற 5,000 டாலர்தான் முதல். எங்களிடமும் ஒரு பீரோ இருக்கிறது. இஸ்திரி போட்ட பருத்திச் சேலைகளும் சுடிதார்களும் அடுக்கியிருக்கும். ஆனால் எங்கள் பீரோவில் முதலில் காலியாவது செருப்புதான். சேலையைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிவிடலாம். செருப்பு அளவு சேர வேண்டுமே. நன்கொடை கொடுக்கிறவர்கள் இன்றுவரை சேலையைத்தான் கொண்டுவந்து தருகிறார்கள்.

வேலை கிடைத்துவிட்டது, படம் எடுத்துப் போட்டாயிற்று என்று பல அமைப்புகள் நிறுத்திக்கொள்ளும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. பத்தாம் தேதி வேலையில் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதி. அதுவரை அரிசிக்கு என்ன செய்வாள்? சித்தாள் வேலைக்கோ ஓட்டலில் பாத்திரம் துலக்கவோ போனால் சாயங்காலம் கையில் காசு. அதனால் இரண்டாவது வாரத்திலேயே நல்ல வேலையை விட்டுவிட்டுப் பழைய கூலிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ‘இவர்களுக்கு நிலையாக இருக்கத் தெரியாது’ என்று முதலாளி சொல்வார். தெரியாமல் இல்லை, பசிக்கிறது. எங்கள் அமைப்பு அந்த இடைவெளிக்கு வட்டியில்லாமல் ஒரு முன்பணம் தருகிறது, மூன்று சம்பளத்தில் திருப்பித் தரலாம். இத்தனை வருடம் கடன் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன், இதைவிட உருப்படியான கடனை நான் பார்த்ததில்லை. இதற்கு நன்கொடை கேட்டால் மட்டும் எல்லோரும் யோசிக்கிறார்கள். மாலை போட்டுப் படமெடுக்க ஒரு பொருள் இல்லையே!

பஸ் இன்னொரு கதை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. வேலை தேடும் எல்லையையே அது விரித்தது. ஆனால் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் ஷட்டர் இறங்கும் நேரத்துக்குச் சில ஊர்களின் கடைசிப் பேருந்து போய்விட்டிருக்கும். ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய கூலியில் ஒரு பகுதி போயிற்று. அதே 2021-இல்தான் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். அடுத்த முறை பட்டு எடுக்கப் போகும்போது விலைப்பட்டியலோடு கவுன்டருக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

வேலை வாங்கித் தருகிறோம் என்று கிராமத்துக்குள் நுழைந்தால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்கலமாகப் பெயர் வைத்து, மூன்று வருடம் முடிந்தால் மொத்தப் பணம் என்று ஆசை காட்டி, நூற்பாலை விடுதிகளில் பெண் பிள்ளைகளை அடைத்து வைத்த கதை தென்மாவட்டங்களில் யாருக்கும் மறக்கவில்லை. தொண்டு நிறுவனம் என்ற பலகையோடு ஆள் பிடிக்கும் தரகு வேலை செய்வதும் நடக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று முதலாளியிடம் கமிஷன் வாங்கும் அமைப்பு, அந்தப் பெண்ணின் சம்பளத் தகராறில் யார் பக்கம் நிற்கும்?

நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து இரண்டு வருடம் பயிற்சி அளித்து, அங்கேயே வேலையும் தருகிறது. கண் பரிசோதனையிலிருந்து அறுவை அரங்கு வரை அந்தப் பெண்கள் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது. ஆனால் அது பிளஸ் டூ முடித்த இளம் பெண்களுக்கான கதவு. எட்டாம் வகுப்போடு நின்ற நாற்பது வயதுக்காரிக்கு அப்படி ஒரு கதவை யார் கட்டப் போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

‘அடுத்தவரிடம் கைகட்டி வேலை பார்ப்பதைவிடச் சொந்தத் தொழில் மேல் இல்லையா?’ என்று கீழே யாராவது எழுதுவீர்கள். தொழில் செய்ய ஆசையும் சாமர்த்தியமும் உள்ளவளுக்குத் தாராளமாகக் கடன் கொடுங்கள், நானே கூட வந்து கையெழுத்துப் போடுகிறேன். அவளையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

இந்த மார்ச்சில் நிதி கொடுக்க இருப்பவர்கள், எந்த அமைப்பாக இருந்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: போன வருடம் வேலையில் சேர்த்தவர்களில் இன்றும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? பதில் சொல்ல நோட்டைப் புரட்டினால் கொடுக்கலாம். ஆல்பத்தைப் புரட்டினால் யோசியுங்கள்.

எங்களுக்கு இப்போது டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுத்தர ஓர் ஆள் வேண்டும். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், பெண்ணாக இருந்தால் நல்லது. சம்பளம் கிடையாது, சம்பளம் கேட்கக் கற்றுத்தரும் இடத்திலிருந்து இதை எழுதுவது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள். செருப்பு கொடுப்பவர்கள் ஏழு, எட்டாம் நம்பரில் கொடுங்கள், அதுதான் உடனே தீர்ந்துபோகிறது.