ஒத்திகை நாக்குக்கு மட்டும்தானா?

இறுதியாண்டு புராஜெக்ட் ரிவியூ நடக்கும் வாரங்களில் எந்தக் கல்லூரிக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். மாணவர் திரையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு ஸ்லைடில் உள்ளதை வரி பிசகாமல் வாசிக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களான நாங்கள் அவருக்கு முன்பே வாசித்து முடித்துவிட்டுத் தேநீர் வருகிறதா என்று வாசலைப் பார்க்கிறோம். இதற்கு மருந்தாக இப்போது எல்லோரும் ஒத்திகை மென்பொருளைச் சொல்கிறார்கள். மருந்து நல்லதுதான். நோய் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தடவுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

பவர்பாயின்ட்டில் 'ரிஹர்ஸ் வித் கோச்' என்றொரு வசதி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2019இல் அறிவித்தது. மைக்கைப் போட்டுக்கொண்டு பேசினால், நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் பேசினீர்கள், எத்தனை முறை 'அம்', 'பேசிக்கலி' என்று இழுத்தீர்கள், குரல் ஏற்ற இறக்கமில்லாமல் போகிறதா, ஸ்லைடை அப்படியே வாசிக்கிறீர்களா என்றெல்லாம் பார்த்து, முடிவில் ஓர் அறிக்கை தரும். அந்த அறிக்கையைச் சேமித்து வைக்காது. வேண்டுமானால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாணவர்கள் நேராகப் போய்ப் பார்ப்பது அந்த 'அம்' கணக்கைத்தான். அதைப் பூஜ்ஜியமாக்கப் படாதபாடு படுகிறார்கள். எனக்கு அது வீண் உழைப்பாகவே படுகிறது. நடுநடுவே தயங்கிப் பேசுகிறவர் யோசிக்கிறார் என்றாவது தெரிகிறது. தடங்கலே இல்லாமல் ஒப்பிக்கிறவரிடம் ஒரு குறுக்குக் கேள்வி போட்டால் பத்தாவது நொடியில் சாயம் வெளுத்துவிடும்.

அந்த அறிக்கையில் பொன்னான வரி, 'ஸ்லைடை வாசிக்கிறீர்கள்' என்பது. அது நாக்கைப் பற்றிய புகாரே அல்ல, ஸ்லைடைப் பற்றியது. முழு வாக்கியங்களாக எழுதி வைத்தால் யார்தான் வாசிக்காமல் இருப்பார்? அந்த வரியைப் பார்த்ததும் செய்ய வேண்டியது மறுபடியும் பேசிப் பார்ப்பதல்ல, ஸ்லைடில் பாதியை வெட்டுவது.

ஏன் அப்படி எழுதி நிரப்புகிறார்கள்? ஆங்கிலம் கைவிட்டுவிடுமோ என்ற பயம், அவ்வளவுதான். பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஸ்லைடுக்குக் கீழே குறிப்பு எழுதும் இடம் இருக்கிறதே, அதில் தமிழில் எழுதுங்கள். பேசுகிறவருக்கென்று தனியாக வரும் 'பிரசன்டர் வியூ' திரையில் அந்தக் குறிப்பு உங்கள் லேப்டாப்பில் மட்டும் தெரியும். திரையில் படமும் நான்கு சொற்களும் இருந்தால் போதும். என்ன சொல்ல வேண்டும் என்பது தமிழில் கண்முன் இருக்கும்போது ஆங்கிலம் உடைந்து வந்தாலும் கருத்து உடையாது. இதைக் கேட்டு முகம் சுளித்த சக ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் சுளிக்கட்டும்.

இந்த கோச்சையும் முழுதாக நம்ப வேண்டாம். முதலில் ஆங்கிலத்துக்காகவே செய்யப்பட்டது. உச்சரிப்பைத் திருத்தும்போது அமெரிக்க ஆங்கிலத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. நம் ஊர்த் தேர்வாளருக்கு அந்த உச்சரிப்பு எதற்கு? நிமிடத்துக்கு 100 முதல் 165 சொற்கள் என்று அது பரிந்துரைக்கும் வேகமும் ஆங்கிலத்துக்கானது. தமிழில் 'செய்துகொண்டிருந்தவர்களுக்காக' என்பது ஒரே சொல். நூலகத்திலோ ஊர்க் கூட்டத்திலோ தமிழில் பேசப் போகிறவர்கள் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டாலே போதும். எத்தனை 'வந்து', எத்தனை 'அதாவது' என்று உங்கள் காதே சொல்லிவிடும்.

என்னைக் கேட்டால், கோச்சைவிட உதவுவது அதற்கு வெகுகாலம் முன்பே பவர்பாயின்ட்டில் வந்துவிட்ட 'ரிஹர்ஸ் டைமிங்ஸ்'. பெரிய அறிவெல்லாம் அதற்குக் கிடையாது. ஒவ்வொரு ஸ்லைடிலும் எத்தனை நொடி நின்றீர்கள் என்று குறித்துக்கொள்ளும். பிறகு எல்லா ஸ்லைடுகளையும் சிறிதாக வரிசைப்படுத்திக் காட்டும் 'ஸ்லைடு சார்ட்டரில்' பார்த்தால் ஒவ்வொன்றின் கீழும் நேரம் நிற்கும். நான்கு நிமிடம் தின்ற ஸ்லைடு உண்மையில் இரண்டு ஸ்லைடு. ஐந்து நொடியில் தாண்டிய ஸ்லைடு தேவையே இல்லை. பெரும்பாலும் முந்தைய ஆய்வுகளைப் பட்டியலிடும் பகுதி பாதி நேரத்தை விழுங்கியிருக்கும். மாணவர் தானே செய்த வேலைக்குக் கடைசி இரண்டு நிமிடம்தான் மிஞ்சியிருக்கும். இதை நான் வாயால் சொன்னால் மனம் கோணுகிறார்கள், எண்ணைக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. ஒத்திகை முடிந்ததும் நேரங்களைச் சேமிக்கலாமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டு மறந்தால் மேடையில் ஸ்லைடுகள் தாமாகவே நகரத் தொடங்கிவிடும். 'யூஸ் டைமிங்ஸ்' என்ற டிக்கை எடுத்துவிட்டுப் போங்கள். (தானாக நகர்வதையே விதியாக்கியவர்களும் உண்டு. 2003இல் டோக்கியோவில் இரு கட்டடக் கலைஞர்கள் தொடங்கிய பெச்சா குச்சா என்ற பேச்சு முறையில் 20 ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் 20 நொடி. 6 நிமிடம் 40 நொடியில் கதை முடிந்தது. வளவளவென்று பேசும் பேராசிரியர்களுக்கு இதைக் கட்டாயமாக்கலாம்.)

பிரசன்டர் வியூவைப் பழக வீட்டில் இரண்டாவது திரை வேண்டியதில்லை. விண்டோஸ் லேப்டாப்பில் ஆல்ட், எஃப்5 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒரே திரையில் வந்துவிடும். சிக்கல் அரங்கில்தான். புரொஜெக்டரில் லேப்டாப் திரையே அப்படியே தெரியும்படி வைத்திருப்பார்கள். அதை 'எக்ஸ்டெண்ட்' என்று மாற்றினால்தான் குறிப்புகள் தனியாக வரும். பல துறைகளில் தேர்வாளர் வந்த பிறகுதான் கருத்தரங்க அறையின் பூட்டையே திறக்கிறார்கள். பிள்ளைகள் இதையெல்லாம் எப்போது சரிபார்ப்பார்கள்? துறைத் தலைவர்கள் அரை மணி நேரம் முன்னதாகத் திறந்துவிட்டால் புண்ணியமாகப் போகும். ஏசி போட வேண்டாம், புரொஜெக்டர் போதும்.